பதினொன்றுக்கு ஒன்பது

நாடாவின் நுனியைப் பிடிப்பது என் வேலை.
பூஜ்ஜியம் எப்போதும் என் கையில்.
எண்ணை சர்வேயர் வாசிப்பார்,
நான் குனிந்திருப்பேன்.

காரைக்குடியில், கண்மாய்க்குப் போகும் வாய்க்கால் புறம்போக்கில்
அறுபத்து நான்கு கூரைகள்.
கோர்ட் உத்தரவு, நான்கு வாரக் கெடு.
சிவப்பில் எண் போட வந்த பையன்
தகரத்தில் பெயிண்ட் நிற்கவில்லை என்று அலுத்துக்கொண்டான்.

முப்பத்தேழு, கொப்பாத்தாள்.
உள்ளே போன நாடா
அடுப்பைத் தாண்டியது, சாய்த்து வைத்த மடக்குக் கட்டிலை,
மீன் கழுவிய அலுமினியச் சட்டியைத் தாண்டியது.
மகள் ஷர்மிளா தரையில் உட்கார்ந்து
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
"காலத் தூக்கும்மா" என்றேன்.
தலை நிமிராமல் ஒரு காலை மட்டும் தூக்கினாள்.
நீளம் பதினொன்று, அகலம் ஒன்பது.

படிவத்தில் வீடு என்ற சொல் எங்கும் இல்லை.
ஆக்கிரமிப்பின் தன்மை: ஓலை, தகரம், இதர.
ஓலையும் தகரமும் தேர்தல் பேனரும்
எங்கிருந்தோ வந்த ஒற்றைத் தேக்குக் கதவும்.
எதை என்று போடுவார்?
'இதர'வில் டிக் அடித்தார் சர்வேயர்.

"மாத்து வீடு உண்டும்மா" என்றார், நல்ல மனத்தோடுதான்.
ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, மூன்றாம் மாடி,
பயனாளி பங்கு ஒன்றரை லட்சம்.
"அஞ்சு மணிக்கு நான் மீன் மார்க்கெட்டக் கூட்டணும்.
அங்கேருந்து முதல் பஸ்ஸு எத்தனை மணிக்கு?"
அதற்கும் படிவத்தில் கட்டமில்லை.

மதியம், அதே நாடா பெரிய வீட்டுக்குப் போனது.
இது சர்வேயரின் தனி வரும்படி.
பங்காளிகள் பதினாறு பேர், பாகப் பிரிவினை.
ஒருவர் கோலாலம்பூரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளவைச் சுற்றிலும் பூட்டிய அறைகள்.
அறை என்றதும் காவல்காரர் திருத்தினார்.
"அறை இல்லப்பா, வீடு.
கல்யாணமாகிப் புள்ளியானா
புள்ளிக்கு ஒரு வீடு."
எத்தனை வீடு?
"பதினெட்டு."
எத்தனை பேர் இருக்கிறார்கள்?
"நான்தான். நானும் வாசல்லதான் படுப்பேன்."

யாரோ ஒருவர் என்றோ யோசித்திருக்கிறார்:
சேர்ந்து வாழப்போகும் இருவருக்கு
உள்ளிருந்து தாழ்போட ஒரு கதவு வேண்டும்.
கெட்டிக்காரர்தான்.
இன்னும் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி
சொல்லியிருக்கலாம்.

ஒன்றைத் திறந்தார்கள். வௌவால் வாடை.
ஓர் இரும்புப் பெட்டி, தேதி கிழிக்காத காலண்டர்.
நாடாவின் நுனியில் மீன் செதில் ஒட்டியிருந்தது;
வேட்டியில் துடைத்துவிட்டுச் சுவரில் வைத்தேன்.
"பதினொன்று" என்றார் சர்வேயர்.
நகர்ந்து வைத்தேன்.
"ஒன்பது."
அவர் என்னைப் பார்க்கவில்லை.
நானும் போனில் இருந்தவரைப் பார்த்தேன்.

சாயங்காலம் தாலுகா ஆபீஸ் வாசலில் கொப்பாத்தாள்.
"அளந்து எழுதுன தாளு ஒண்ணு வேணும்."
"அது இடிக்கிறதுக்கும்மா."
"இருக்கட்டும் சார்.
இருபத்திரெண்டு வருசமா
பட்டா கேட்டேன், கரண்டு கேட்டேன், வரிபோடுங்கன்னுகூடக் கேட்டேன்.
அந்த எடத்துல ஒண்ணுமே இல்லன்னாங்க.
இன்னிக்கித்தான்
பதினொண்ணுக்கு ஒம்பது இருக்குன்னு
கவர்மெண்டு எழுதியிருக்கு."

சர்வேயர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
பிறகு தாளை என்னிடம் நீட்டினார், அவளிடம் இல்லை.

ஜெராக்ஸ் கடைக்கு நான்தான் போனேன், அவள் பின்னால் வந்தாள்.
மூன்று பிரதி.
வக்கீலுக்கு, கலெக்டர் மனுவுக்கு,
ஷர்மிளாவின் ஸ்கூல் பைக்கு.
லேமினேட் பண்ணவா என்றார் கடைக்காரர்.
"வேணாம். இன்னும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கு."

எண்களைத் தானே படித்துவிட்டாள்.
டிக் அடித்த சொல்லில் விரல் நின்றது.
"இதுக்கு என்ன அர்த்தம்?"
மற்றது என்றேன்.
"எதுக்கு மத்தது?"